பன்னிரண்டாவது வெடி

தேவதானப்பட்டிக்கு நான் போனது ஊர் சுற்ற அல்ல. அங்கே கல்குவாரியில் வெடி வைக்கிறவன் என் தம்பி ராசு. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விஆர் ஹெட்செட்டில் பாதுகாப்புப் பயிற்சி; வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்றான். அவன் வேலை செய்யும் இடத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவையாவது பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

தேனியில் காலை 8.10-க்கு வத்தலக்குண்டு பஸ். முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஒரு மணி நேரம், 28 ரூபாய். தேவதானப்பட்டியில் இறங்கி, குவாரிக்கு ஆட்டோ 120. "மத்தியானத்துக்கு மேல வெடி போடுவாகக்கா, அங்கன நிக்காதீக" என்றார் ஓட்டுநர். நல்ல வரவேற்பு!

பயிற்சி குவாரி அலுவலகத்தில். ஹெட்செட்டை மாட்டியதும் அறையைக் காணோம்; பாறைக்கு நடுவே நிற்கிறேன். பன்னிரண்டு குழியில் மருந்து இருக்கிறது, வெடிக்க வெடிக்க எண்ணுங்கள் என்றார் பயிற்சியாளர். முதல் வெடியிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அடுத்து ராசு. அவன் பார்ப்பது எங்களுக்கு டிவியில் தெரிந்தது. விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று. அவனும் எண்ணினான்.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பாறையைப் பார்த்து நடந்தான். மூன்றாவது அடியில் பன்னிரண்டாவது வெடித்து, டிவி முழுக்கச் சிவப்பானது.

"ஒண்ணு கொறைஞ்சா அரை மணி நேரம் கிட்டப் போகக்கூடாதுண்ணே" என்றார் பயிற்சியாளர். ராசு சிரித்தான். ஆனால் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏலே, நெசத்துல எத்தன தடவ இப்பிடிப் போயிருக்க?" என்று கேட்டேன்.

"லாரி காத்துக் கெடக்கும்லக்கா..." என்றான். தினமும் வெடி முடிந்ததும் எனக்குப் போன் பண்ணி எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்று அங்கேயே சத்தியம் வாங்கினேன்.

இப்படிப் பயிற்சி பார்க்கப் போகிறவர்களுக்கு: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஹெட்செட் மாட்டாதீர்கள், தலை சுற்றும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் குவாரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். உங்கள் வீட்டு ஆள் ஹெட்செட் மாட்டும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

ராசு தினமும் நாலரைக்குக் கூப்பிடுகிறான். "பத்துக்குப் பத்து" என்பான், வைத்துவிடுவான். அதற்கப்புறம்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

நேற்றும் நாலரைக்கு வந்தது. "பன்னெண்டுக்குப் பதினொண்ணுக்கா. லாரிக்காரரு கத்துறாக. நான் உக்காந்துதான் இருக்கேன்."

ஐந்து மணி வரை போனை வைக்கக் கூடாது என்றேன்.