காத்து வால்வுக்குப் போட்ட பூஜை

குந்தவைக்குக் கோபம் அதிகம் என்று அந்த பீர் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேன்டீனில் டீ ஆற்றுகிறவர்கூடச் சொல்வார். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் குத்தகை நிலம் உழுத ஒருவரின் மகள் அவள். வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைக்கிற எஞ்சின் அடிக்கடி வெறுமனே ஓடும், தண்ணீர் ஏறாது. அப்பா எஞ்சினைத் திட்டுவார், டீசலைத் திட்டுவார், கடைசியில் மகளையும் திட்டுவார். ஒருநாள் அவள் வாய்க்காலில் இறங்கி, குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வைக் கழற்றிப் பார்த்தாள். மூடிக்கு இடையில் ஒரு புங்க இலை மாட்டியிருந்தது. எடுத்துப் போட்டதும் தண்ணீர் கொட்டியது. அதற்குப் பிறகுதான் அவளை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்க அனுப்ப அப்பா ஒத்துக்கொண்டார்.

படித்து முடித்ததும், தஞ்சாவூருக்கு மேற்கே, வயல் முடிந்து செம்மண் தொடங்குகிற மேட்டில் இருக்கும் பீர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பம் அதைக் கேட்டதும் எழுந்து போனது. "பீர் கம்பெனியா? நம்ம குடும்பத்துக்கு ஒத்துவராதுங்க" என்று சொன்ன மாப்பிள்ளையின் அப்பா, வரும்போதே வாயில் பாக்கைப் போட்டு வாடையை மறைத்துக்கொண்டு வந்தவர். குடிப்பதற்கு ஒத்துவரும், செய்வதற்கு ஒத்துவராது. கடைசியில் அறுவடை மெஷின் ஓட்டுகிற தமிழரசன்தான் கட்டிக்கொண்டான். "உன் வால்வுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல" என்று அவன் இன்றைக்கும் கேலி செய்வான். அது உண்மையும்கூட.

அவள் பார்த்துக்கொண்டது காத்து வால்வை. பீர் புளிக்கிற டேங்குகள் எட்டு வெட்டவெளியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் நாற்பதடி உயரம். ஒவ்வொன்றின் உச்சியிலும், குண்டான் அளவுக்கு ஒரு காத்து வால்வு. உள்ளே கேஸ் அதிகமானால் அது தானாகத் திறந்து வெளியே விடும். உள்ளே வெற்றிடம் ஆனால் தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். வேண்டியது ஒன்றுதான், அதன் வாயை யாரும் அடைக்கக் கூடாது.

ஏனென்றால் அந்த டேங்குகள் உள்ளிருந்து எவ்வளவு தள்ளினாலும் தாங்கும், உள்பக்கமாக உறிஞ்சினால் தாங்காது. டேங்கைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கழுவிவிட்டு, அடுத்து பச்சைத் தண்ணீர் விடுவார்கள். விட்ட மாத்திரத்தில் உள்ளே இருக்கிற ஆவி சுருங்கும். அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் அத்தனை பெரிய எஃகு டேங்க், காலால் மிதித்த தகர டப்பா மாதிரி உள்வாங்கிவிடும். அதனால் எந்த டேங்கைக் கழுவினாலும் அதற்கு முன் குந்தவை மேலே ஏறி, வால்வு மூடியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, அது தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். பதினோரு வருஷம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தவறியது அந்த ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும்.

மேனேஜர் வைத்தியலிங்கத்துக்கு அந்த வருஷம் பக்தி சற்றுக் கூடிவிட்டது. மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆனந்தவல்லி மேடம் மறுபூஜைக்கு வருவதாகத் தகவல் வந்ததுதான் காரணம். மோட்டாருக்கும் பம்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது போதாதென்று, எட்டு டேங்கின் உச்சிக்கும் ஆளை ஏற்றி, எட்டு வால்வுக்கும் சந்தனம் பூசி, மாலை போடச் சொன்னார். போகட்டும். மதியம் தூறல் போட்டது. மேடம் வருவதற்குள் குங்குமம் கரைந்துவிடுமே என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. பீருக்கான மால்ட் தானியம் வருகிற மூட்டைக்குள் இருக்கும் தடித்த பாலிதீன் உறையை எட்டு வால்வுக்கும் தலையோடு கவிழ்த்து, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டார். மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு நெற்றிக்குப் பொட்டு வைத்த கதை.

குந்தவை கீழிருந்து பார்த்தாள். பக்கத்திலிருந்த போர்டையும் பார்த்தாள். மூன்றாம் டேங்க், மாலை மூன்று மணிக்குக் கழுவல் என்று எழுதியிருந்தது. நேராக மேனேஜரிடம் போனாள்.

"சார், வால்வு மேல கவர் கட்டியிருக்கு. மூணாம் டேங்க் கழுவப் போறாங்க. ரெண்டு நிமிஷம், ஏறி அவுத்துட்டு வந்துடறேன்."

"ஏம்மா குந்தவை, பூஜை போட்டதை மறுபூஜைக்கு முன்னாடி தொடுவாங்களா? உங்க வீட்ல அப்படித்தான் பழக்கமா?"

"அப்ப கழுவறதையும் நாளைக்கு வச்சுக்குங்க சார்."

"தீபாவளி லோடை யார் குடுப்பா, நீயா? போய்ப் பொரி வாங்கிக்க போ."

பூஜை போட்ட டேங்கைத் தொடக் கூடாதாம், அதற்குள் கொதிநீரை ஊற்றிக் கழுவலாமாம். அந்தச் சாமிக்கு இந்தக் கணக்கு எப்படிப் புரிந்திருக்குமோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது பொய்க்கதை ஆகிவிடும். அவர் தடுத்ததும் குந்தவை நின்றுவிட்டாள். வேலை போய்விடும் என்ற பயத்தால் மட்டும் அல்ல. அவளுடைய ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் சாமி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு கிடந்தன. ஆயுத பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை முடிந்துதான் எடுப்பது. சின்ன வயதில் அப்பா மண்வெட்டி வைத்த நாளிலிருந்து அவளும் அதை மீறியதில்லை. மேனேஜர் அப்படிக் கேட்டபோது தொடுவது தப்போ என்று அவளுக்கே தோன்றியது. பொரியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் டேங்கின் அடியில் வேலை பார்த்தது மூஸா. கூத்தாநல்லூர்க்காரர். பதினைந்து வருஷம் துபாயில் ஏ.சி. பிளான்ட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். "நீங்க எல்லாரும் பூஜையில நில்லுங்க தங்கச்சி, இந்த ஷிஃப்டை நான் பாத்துக்கறேன்" என்று தானாக முன்வந்து நின்றவர். மற்றவர்கள் சாமி கும்பிடட்டும் என்று வேலையை எடுத்துக்கொண்ட மனுஷன் தலையில்தான் அது விழுந்தது.

மூன்றரை மணிக்கு ஒரு சத்தம். டேங்கின் மேல்பாதி அப்படியே உள்வாங்கி மடங்கியது. டேங்குகளின் உச்சிகளை இணைக்கிற மேல்மேடையின் கைப்பிடி பிய்ந்து, ஒரு இரும்புக் குழாய் மூஸாவின் வலது தோளில் இறங்கியது. குந்தவை ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "கவரை அவுக்கறேன்னு மேனேஜர்கிட்ட நீ சொன்னேல்ல, நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் மூஸா. பிறகு மயங்கிவிட்டார். அவரோடு ஆம்புலன்ஸில் ஏறித் தஞ்சாவூருக்குப் போனவள், ஆபரேஷன் முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை டேங்க் பக்கம் போகக் கூடாது, நேராக ஆபீஸுக்கு வரவேண்டும் என்று உத்தரவு. உள்ளே மேனேஜர் இருந்தார். பக்கத்தில் ஆனந்தவல்லி, நரைத்த முடி, அதிகம் பேசாத பெண்மணி. மேஜைமேல் மூன்றாம் டேங்கின் வால்வு கழற்றி வைத்திருந்தது. பாலிதீன் உறை இல்லை, கட்டுக்கம்பி இல்லை, மாலை இல்லை. ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"கவர் எங்க சார்?" என்றாள் குந்தவை.

"என்ன கவர்?" என்றார் வைத்தியலிங்கம்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மனுஷர்கள் பொய் சொல்வார்கள் என்று தெரியும். மேலே ஏறி இறங்கி, துணி வைத்துத் துடைத்துவிட்டு, மறுநாள் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்து பொய் சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஆனந்தவல்லி ஒரு தாளை நகர்த்தினார். "வால்வைப் பராமரிப்பதில் நான் காட்டிய அலட்சியத்தால் மூடி ஒட்டிக்கொண்டு டேங்க் சேதமானது, சக ஊழியர் காயமடைந்தார்" என்று அதில் அடித்திருந்தது. கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"போட்டுடும்மா" என்றார் மேனேஜர், ரொம்ப ஆதரவாக. "ஒரு மாசம் சஸ்பென்ஷன், அதோட முடிஞ்சிரும். போடலைன்னா வேலையும் போகும், பாய்க்கு அடிபட்டதுக்குப் போலீஸ் கேஸும் வரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

குந்தவை வால்வு மூடியை ஒரு விரலால் தூக்கினாள். அது இறகு மாதிரி லேசாக எழும்பி இறங்கியது. "இது ஒட்டியிருக்கா மேடம்? நீங்களே தூக்கிப் பாருங்க."

"இப்ப தூக்குது. நேத்து தூக்கலையே" என்றார் மேனேஜர்.

ஆனந்தவல்லி தூக்கிப் பார்த்தார். "கவர் கட்டினதுக்கு வேற சாட்சி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். மூஸா ஐ.சி.யு.வில் இருந்தார். மேலே ஏறிக் கட்டிய ஆள் அன்றைக்கு லீவில் அனுப்பப்பட்டிருந்தான்.

அப்போதுதான் குந்தவையின் காதில் அது விழுந்தது. வெளியே வெந்நீர்ப் பம்பின் இரைச்சல். பதினோரு வருஷமாகக் கேட்கிற சத்தம், அது எந்தக் குழாயில் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"ஆறாம் டேங்க் கழுவறாங்களா சார்?"

"பேச்சை மாத்தாத. கையெழுத்தைப் போடு."

"மறுபூஜை ஆயிடுச்சா? மத்த டேங்க்ல கவரை எடுத்துட்டீங்களா?"

மேனேஜர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். விபத்து நடந்த இடத்தில் பரிகாரம் செய்யாமல் மறுபூஜை செய்ய முடியாது என்று குருக்கள் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்திருந்தார். மூன்றாம் டேங்கில் அவிழ்த்தது தடயத்தை மறைக்க. மற்ற ஏழிலும் நேற்றுக் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. கவரால்தான் டேங்க் போனது என்பதை அவர் வாயால் மறுத்து மறுத்து, கடைசியில் மனசாலும் மறந்துபோயிருந்தார்.

பம்பின் இரைச்சல் நின்றது. வெந்நீர் முடிந்துவிட்டது. அடுத்து பச்சைத் தண்ணீர்.

குந்தவை எழுந்தாள். "உட்காரு, எங்க போற?" என்று அவர் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஒர்க்‌ஷாப்பில் சாமி படம், வாடிய மாலை, அதன் முன்னால் கருவிகள். ஒரு கணம்கூட நிற்கவில்லை. சந்தனப் பொட்டோடு கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆறாம் டேங்கின் அடியில் மூஸாவின் இடத்தில் செல்லதுரை நின்றிருந்தான். கை தண்ணீர்க் குழாயின் திருகில் இருந்தது.

"தொறக்காதப்பா."

"தொறந்துட்டேனே அக்கா, இப்பத்தான்."

"மூடு. மூடிட்டு தூர ஓடு."

அவன் மூடினான். ஆனால் உள்ளே போன தண்ணீர் போனதுதான். அவள் ஏணியில் ஏறினாள். பாதி ஏறும்போதே டேங்கின் உடம்பு முனகுவது கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வந்தது. இறங்கிவிடலாம் என்று தோன்றியது. நேற்று ஒரு தடவை உட்கார்ந்தது போதும் என்று அதே மூச்சில் தோன்றியது. உச்சியில் பாலிதீன் உறை வால்வின் வலையோடு இழுத்து ஒட்டிக்கொண்டு, நரம்பு தெரிகிற அளவுக்கு விறைத்திருந்தது. கட்டுக்கம்பியைப் பிளேயரால் கடித்து அறுத்தாள். உறையைப் பிய்த்தாள்.

வால்வு திறந்து காற்றை இழுத்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி, ஓவென்று, விடாமல் இழுத்தது. அவள் சேலைத் தலைப்புகூட அந்தப் பக்கம் பறந்தது. கீழே செல்லதுரை இருந்தான், பின்னாலேயே ஓடி வந்த மேனேஜர் இருந்தார், ஆனந்தவல்லி இருந்தார். மூன்று பேரும் தலையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டார்கள். டேங்க் நின்ற இடத்தில் நின்றது.

மேல்மேடை வழியாகவே நடந்து, மடங்கிக் கிடந்த மூன்றாம் டேங்க் வந்ததும் மட்டும் இறங்கி மறுபக்கம் ஏறி, மற்ற ஆறு டேங்கின் கட்டையும் அறுத்தாள். ஏழு பாலிதீன் உறைகளையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி, ஆபீஸுக்குள் போய், கையெழுத்துக்குக் காத்திருந்த தாளின்மேல் போட்டாள். உறைக்குள் இருந்த குங்குமம் கொட்டி அவள் பெயரை மூடியது.

"எட்டாவது அவர்கிட்ட இருக்கும் மேடம், கேட்டு வாங்கிக்குங்க" என்றாள்.

ஆனந்தவல்லி வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். அந்த மனிதர் மூஸாவைப் பற்றிக் கேட்கவில்லை. டேங்க் தப்பியதைப் பற்றிப் பேசவில்லை. குந்தவையின் கையிலிருந்த பிளேயரைப் பார்த்தார்.

"மறுபூஜைக்கு முன்னாடி தொட்டுட்டியேம்மா" என்றார்.

"ஆமா சார், தொட்டேன்" என்றாள் குந்தவை. "நேத்தே தொட்டிருக்கணும்."

வைத்தியலிங்கம் இப்போது வேறு ஊரில், வேறு தொழிற்சாலையில் இருக்கிறார். குந்தவை இங்கேதான் இருக்கிறாள், அந்த ஏழு வால்வையும் புதிதாக வந்த எட்டாவதையும் பார்த்துக்கொண்டு. ஆயுத பூஜைக்கு அவளுடைய பிளேயரை மட்டும் யார் கேட்டாலும் பூஜையில் வைக்கக் கொடுப்பதில்லை. திமிர் பிடித்தவள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தமிழரசனைக் கூட்டிக்கொண்டு கூத்தாநல்லூர் போய் மூஸாவைப் பார்த்துவிட்டு வருவாள். அவர் வா தங்கச்சி என்று சிரித்துக்கொண்டே வரவேற்பார். அவருக்கு வலது கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பவில்லை.