மொத்தம் பத்தொன்பது

அந்தத் தையல் யூனிட்டில் மாஸ்டரக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. பதினொரு வருடமாக வெட்டு மேஜை அவளுடையது. எண்பது அடுக்குத் துணியைக் கத்தி மெஷினால் ஒரே பிடியில் வளைத்து எடுப்பாள். பக்கத்தில் நின்று யாராவது யோசனை சொன்னால் மெஷினை நிறுத்திவிட்டு, நீங்களே வெட்டுங்கள் என்று கைப்பிடியை நீட்டுவாள். அதற்கப்புறம் அவர் ஏன் வாயைத் திறக்கிறார்!

அப்படிப்பட்டவள் போன வருடம் கல்லாகிப் போனாள். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. பெற்ற அம்மா போய்ச் சேர்ந்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒருநாள் துணியை அடுக்குக்கு அடுக்கு பக்கம் மாற்றி விரிக்காமல், எல்லாவற்றையும் ஒரே பக்கமாக விரித்துவிட்டாள். வெட்டி முடித்துப் பார்த்தால், எண்பது சட்டைக் கையும் இடது கை. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. பிசிறு வெட்டும் பெஞ்சில் உட்காரச் சொன்னார். இரண்டு மாதம் பார்ப்பேன், தேறினால் மேஜை உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார்.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனது அண்ணன்தான். அதை மறுத்தால் வாய் வெந்துபோகும். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதே வாரம், அதே மாத்திரையைத் தெருமுனை சலூன்காரரும் தொடங்கினார். போகும்போதெல்லாம் பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள். தூக்கம், பசி, துக்கம், அழுகை என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை போட வேண்டும். எண் கூடினால் கஷ்டம் அதிகம். முதல்நாள் இருவருக்கும் இருபது.

ஆறாவது வாரம் சலூன்காரருக்கு ஒன்பது. தூக்கம்தான் இன்னும் பிடிபடவில்லையாம். ஆனால் கடையில் சிரிப்பும் அரட்டையும் பழையபடி. மாஸ்டரக்காவுக்குப் பத்தொன்பது.

அண்ணன் பள்ளிக்கூட ஆபீஸில் மார்க் ஏற்றுகிற ஆள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண் நேராக அடியில் உள்ள மொத்தத்துக்குத்தான் ஓடும். சலூன்காரரைப் பார், நீயும் இருக்கிறாயே என்று ஆரம்பித்தான். இதற்கு மேல் மாத்திரையும் வேண்டாம், வேலையும் வேண்டாம், முதலாளியிடம் தானே சொல்லிவிடுவதாக முடித்தான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்து எத்தனை மாதமாயிற்று!

தாளைப் பிடுங்கிக்கொண்டு தனியாக டாக்டரம்மாவிடம் போனாள். அவர் மொத்தத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்தார். தூக்கம் மூன்றிலிருந்து பூஜ்யம். பசி மூன்றிலிருந்து ஒன்று. துக்கம் ஒன்று கூடியிருந்தது. அழுகை பூஜ்யத்திலிருந்து மூன்று. எப்போது அழுகிறீர்கள், எதை நினைத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். அம்மாவை நினைத்துத்தான் என்றாள். சாக வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை என்றாள்.

"முன்னாடி உங்களால அழவே முடியல. இப்ப முடியுது" என்றார் டாக்டரம்மா. "ஒருத்தருக்குச் சிரிப்பு முதல்ல வரும், ஒருத்தருக்குத் தூக்கம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க."

மறுநாள் காலை யூனிட்டுக்குள் நுழைந்தால், அண்ணன் முதலாளியின் எதிரில் நிற்கிறான். முதலாளி முகத்தைப் பார்த்ததுமே விஷயம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. பாழாய்ப்போன கண்ணீர் அந்த நேரம் பார்த்துக் கொட்டியது. பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன் என்பதுபோல அண்ணன் கையை விரித்தான்.

அவள் பிசிறு பெஞ்சுக்குப் போகவில்லை. நேராக வெட்டு மேஜைக்குப் போனாள். விரித்து வைத்திருந்த துணியின் ஓரத்தைப் புரட்டி, அடுக்கடுக்காகப் பக்கம் சரிபார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தி மெஷினைப் போட்டாள்.

"இப்படி அழுதுக்கிட்டே எப்படிம்மா வெட்டுவே?" என்று ஓடிவந்தார் முதலாளி.

"அழுகை நிக்கட்டும்னு காத்திருந்தா உங்க ஆர்டர் நிக்குமா? பாருங்க, தப்பா இருந்தா நானே போயிடறேன்."

கத்தி வளைவில் ஏறி இறங்கியது. கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டே இருந்தது, கை தடுமாறவில்லை. முதலாளி வெட்டி விழுந்த துணிக்கட்டைத் தூக்கி மேல் அடுக்கையும் அடி அடுக்கையும் சேர்த்துப் பிடித்தார். நூலளவு பிசகவில்லை. அடுத்த கட்டுக்கான அளவுத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அண்ணன் இன்னும் அங்கேயே நின்றான்.

"தள்ளி நில்லுண்ணே" என்றாள் மாஸ்டரக்கா, தலையைத் தூக்காமல். "வெளிச்சத்த மறைக்கற."