வெளியிலிருந்து போட்ட பூட்டு

நீலசந்திராவில் ஒரு சந்து முனையில் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. அதற்கு நேர் மேலே, முதல் மாடியில், நான்கு பெண்களை வைத்து ஒரு அம்மாள் தொழில் நடத்தினாள். தெருவுக்கே தெரியும். அவளை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

போலீஸ் கிளம்பிவிட்டது என்று போன் வந்தால் ஆன்ட்டி பெண்களையும், அந்நேரம் உள்ளே இருக்கும் ஆளையும் அப்படியே விட்டு, கதவை வெளியே பூட்டிவிடுவாள். சாவியை என்னிடம் தந்துவிட்டுக் காய்கறி வாங்கப் போவதுபோலப் போய்விடுவாள். பூட்டு தொங்கும் வீட்டில் யாரைத் தேடுவது? போலீஸ் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நானும் பல வருடம் அந்தச் சாவியை வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்த நால்வரில் ஒருத்தி அத்திபெலே பக்கத்துக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். துணி கொடுக்க வரும்போதெல்லாம் என்னைச் சீண்டுவாள்.

"ஏண்ணா, தரையிலயா என் மூஞ்சி இருக்கு? ஒரு தடவ நிமிந்து பாரு, கடிக்க மாட்டேன்."

நான் சிரித்துவிட்டுப் பெட்டிக்குக் கரி போடுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம். மற்ற மூவரும் வெளியே போயிருந்தார்கள். அவளும் ஒரு ஆளும் மட்டும் மேலே. ஆன்ட்டி அவசரமாக இறங்கி வந்தாள்.

"நான் போன் பண்றவரைக்கும் தொறக்கக் கூடாது. கேட்டுச்சா?"

சற்று நேரத்தில் ஜீப் வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் படியேறிப் பூட்டைப் பார்த்தார்கள், இறங்கினார்கள், எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் மேலே ஏதோ விழுந்த சத்தம். பிறகு ஜன்னல் கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"அண்ணா, வந்து தொற. குடிச்சிட்டு அடிக்கிறான்." அடிக்குரலில் சொன்னாள். கத்தினால் டீக்கடைக்குக் கேட்கும். அந்த நிலையிலும் அதை யோசித்தாள்.

நான் யோசித்தது வேறு. திறந்தால் அவளைப் பிடிப்பார்கள், என்னையும் சேர்த்து ஏற்றுவார்கள், வண்டி போய்விடும். ஆன்ட்டி என்ன சொல்வாள்? ஒரே வெள்ளைச் சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் மூடிக்கொண்டது. அரை மணி நேரம் கழித்துத்தான் ஜீப் போனது, ஆன்ட்டியின் போன் வந்தது.

திறந்ததும் அந்த ஆள் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தான். "தேங்க்ஸ் குரு" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காதிலிருந்து கழுத்து வரை ரத்தம். ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். வேறென்ன சொல்வது? எங்கே அடித்தான் என்று கேட்டால் வீட்டைக் காட்ட வேண்டும். இடது காது கேட்காமல் போனது போனதுதான்.

சில மாதம் கழித்து மர்பி டவுனில் ஒரு கூட்டம். இப்படிப்பட்ட வீடுகளுக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா என்று இந்தப் பெண்களிடமே கேட்கிறார்களாம். "நீயும் வாண்ணா. அன்னிக்கு நடந்ததச் சொல்லு. நான் மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள். போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஒரு பெண் வக்கீல் பேசினார். சட்டம் ஒப்புக்கொண்டால் ஒளிய வேண்டாம், அடித்தவன்மேல் புகார் கொடுக்கலாம் என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இவள் எழுந்தாள்.

"லைசென்ஸ் யார் பேர்ல மேடம், எங்க பேர்லயா?"

"வீடு நடத்துறவங்க பேர்ல."

"அப்ப ஆன்ட்டி பேர்ல. இப்ப போலீசுக்குப் பயந்து பூட்டுறா. அப்புறம் நாங்க ஓடிடுவோம்னு பூட்டுவா. உள்ள இருக்கிற எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

சிலர் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. "உங்களப் பூட்டி வெச்சு அடிச்சப்ப யாராவது பார்த்தாங்களா? கேட்டாங்களா? சாட்சி இருந்தா இப்பவே கேஸ் போடலாம்" என்றார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஹாலில் அத்தனை பேர். தரையைப் பார்த்தேன்.

"யாரும் இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வக்கீல் அதை எழுதிக்கொண்டார்.

சட்டம் வந்தால் இவர்கள் பத்திரமாக இருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் அவள் பயப்படாமல் கத்தியிருப்பாள். கத்தியிருந்தால் நான் படியேறியிருப்பேனா? அதுவும் தெரியாது.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "எனக்குப் பேச வராதும்மா" என்றேன்.

"தெரியும்ணா. ஆன்ட்டிக்கும் தெரியும். அதனாலதான் சாவிய உன்கிட்ட குடுத்தா."