யாரும் பார்க்காத கட்டம்

ஓய்வுக்குப் பிறகு, பொழிச்சலூரில் ஒரு மசாலாப் பொடி கம்பெனியின் டாஷ்போர்டைப் பராமரிக்கிறேன். விற்பனைக் கணக்கைக் காட்டும் அந்தத் திரை பேக்கிங் கூடத்து டிவியிலும் ஓடும். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதிலுள்ள பன்னிரண்டு கட்டங்களில் எதை யார் கம்ப்யூட்டரில் தொட்டுத் திறக்கிறார்கள் என்று எண்ணினேன். ‘நிலுவை ஆர்டர்’ கட்டத்தை ஒருவரும் தொடவில்லை. தூக்கிவிட்டேன்.

இரண்டாம் நாள், பேக்கிங் செய்யும் செல்வி என் மேசைக்கு வந்தாள்.

“சார், அந்த ஆர்டர் கட்டம் இன்னா ஆச்சு?”

“அதை யாரும் பார்க்கறதில்லம்மா. கம்ப்யூட்டரே சொல்லுது.”

“நான் டெய்லி டிவில பாத்துக்கினுதான சார் கீறேன்! அதுல நம்பர் ஏறிச்சுன்னா ஓவர்டைம்னு சாப்பாட்டு நேரத்துலயே தெரிஞ்சிரும். பொண்ண ஸ்கூல்லேர்ந்து இட்டாரச் சொல்லி பக்கத்து வூட்டு அக்காவுக்கு போன் போட்ருவேன். நேத்து தெரியல. பொண்ணு இருட்டுற வரிக்கும் ஸ்கூல் கேட்டாண்ட ஒண்டியா நின்னு அழுதுகினு இருந்துச்சு சார்.”

கம்ப்யூட்டர் விரல் படுவதை எண்ணும். நிமிர்ந்து பார்க்கும் கண்ணை எண்ணத் தெரியாது. எனக்கும் அது தோன்றவில்லை.

உடனே எழுத்தைப் பெரிதாக்கி, கட்டத்தைத் திரும்ப வைத்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக் கதவோரம் நின்று பார்த்தேன். செல்வி டிவியை நிமிர்ந்து பார்த்தாள். கூடவே இன்னும் நான்கு பேர் நிமிர்ந்தார்கள்.

அவர்கள் எதற்காகப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும்.