இறந்தவர் பெயரில் வந்த தகரம்

எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசில் ஒரு கம்பியூட்டர் இருக்கிறது. லயம் என்கிற வரிசை வீடுகளில் எதில் யார் இருக்கிறார்கள், எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றெல்லாம் பதிந்து வைத்தால், மாதம் பிறந்ததும் புள்ளிவிபர அறிக்கையைத் தானே தயாரித்துவிடும். அது தயாரித்ததைச் சரிசெய்வதுதான் என் உத்தியோகம்.

பெயருக்கு ஒதுக்கிய கட்டம் சின்னது. எங்கள் ஆட்களுக்கோ அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், இரண்டும் நீளம். அப்பா பெயரோடு வரி முறிந்துவிடும். வீட்டு நம்பர், கூரை விபரம் எல்லாம் அப்பாவுக்கு நேரே நிற்க, உயிரோடு இருக்கிறவர் வெறுங்கையோடு அடுத்த வரிக்குப் போய்விடுவார். தலைமை அலுவலகத்திலோ வரிக்கு ஓர் ஆள் என்று எண்ணுவார்கள். பிள்ளை பிறக்காமலே எங்கள் ஜனத்தொகை ஏறிக்கொண்டிருந்தது. முறிந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைப்பேன். அடுத்த மாதம் எல்லாம் பழையபடி முறிந்து வரும்.

தாளைக் குறுக்கே திருப்பி அச்சிட்டால் தொல்லை தீரும். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கரிடம் போய்ச் சொன்னேன்.

"குறுக்கால அடிச்சா ஃபைல்ல எப்படித் தம்பி கோக்கிறது? கையெழுத்துப் போட தொர கழுத்தத் திருப்பணுமா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். தோட்டத்து மேனேஜரான துரையின் கழுத்து நோகாமல் இருக்க என் விரல் தேய வேண்டுமா? அந்த மாதம் ஒரு வரியையும் தொடவில்லை. வந்ததை வந்தபடியே அனுப்பிவிட்டு, நிம்மதியாக ஹட்டன் டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

அந்த அறிக்கையை வைத்துத்தான் கூரைத் தகரம் கொடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு வந்தது. மூன்றாம் லயத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் வீடு அது. பட்டியலில் இருந்ததோ அவருடைய அப்பாவின் பெயர். அந்த அப்பா செத்துப் பல வருஷம். பெற்றுக்கொள்பவர் கையெழுத்து இல்லாமல் தகரத்தை வெளியே விடக்கூடாது என்று கீழே அச்சிட்டிருந்தது.

"ஆளு இல்லன்னு எழுதுனா தகரத்தத் திருப்பி எடுத்துக்குவாங்க. எழுதாட்டி யாரு கையெழுத்துப் போடுறது?" என்று என்னையே கேட்டுவிட்டு, பெரிய கிளாக்கர் டீ குடிக்கப் போனார்.

மழையில் நனைந்துகொண்டே அந்த அக்கா வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். தகரம் சுவரில் சாய்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. வெட்கத்தை விட்டு நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எங்கப்பா பேர்லயாங்க ஐயா?" என்றார். "ஒழுகுற எடத்துலதான் பாயப் போட்டுப் படுத்துக் கெடந்தாரு. இதே வாசல்ல வந்து எத்தன தடவ கேட்டாரு. இப்பதான் குடுத்திருக்காங்க."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேனாவை எடுத்து, செத்துப்போன மனிதரின் கையெழுத்தை நானே போட்டேன். தகரம் அன்றைக்கே லயத்துக்குப் போனது.

இப்போதும் மாதாமாதம் வரிகளை இணைக்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் தொடுவதில்லை. தொட்டால், கையெழுத்துப் போட்ட ஆள் எங்கே என்று கேட்பார்கள். ஆகவே அறிக்கையில் அந்தப் பெரியவர் உயிரோடுதான் இருக்கிறார். அவருக்கு நேரே, கூரை நல்ல நிலையில் உள்ளது என்று இருக்கிறது.