பாதி கடித்த மீன் உருண்டை

போன வருடம் ஏப்ரல் மாதம். மொன்ட்ரியாலில் பனி உருகித் தெருவோரமெல்லாம் அழுக்குக் குவியலாகக் கிடந்த நேரம், நான் தனியாகத் தாய்வானுக்கு விமானம் ஏறினேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எங்கள் ஒரே மகளை அங்கே விட்டுவிட்டு வரலாமா கூடாதா என்று பார்த்து முடிவு சொல்லத்தான் போனேன்.

மகள் மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்தவள். கூடப் படித்த தாய்வான் பையன் ஒருவனை அங்கே விரும்பினாள். படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் அவனுடைய நாட்டுக்கே போய், தேயிலைச் செடிகளை ஆராய்கிற வேலையில் சேர்ந்துவிட்டார்கள். கலியாணம் செய்யப் போகிறோம், வந்து அவனுடைய வீட்டாரைப் பாருங்கள் என்று மகள் கூப்பிட்டாள். என் கணவருக்கு அப்போதுதான் முழங்காலில் ஒப்பரேஷன் முடிந்திருந்தது. பியர்பொன்ட்ஸில் இருக்கிற எங்கள் வீட்டு வாசல்படியையே அவரால் இறங்க முடியவில்லை.

"நீர் போய்ப் பாரும். உமக்கு மனம் ஒப்பினால் எனக்கும் சரி" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

பையன் நல்லவன் என்பதில் சந்தேகமில்லை. எங்கள் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். என் பயமெல்லாம் அவனுடைய தாயைப் பற்றித்தான். காய்ச்சலில் என் பிள்ளை படுத்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள்? இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் இவள் யாரிடம் போய் அழுவாள்? பாஷை தெரியாத ஒரு மனிசியிடம் என் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது? விமானத்தில் பதினைந்து மணி நேரமும் இதையே யோசித்துக்கொண்டு போனேன்.

அவர்களுடைய குடும்பக் கடை, தலைநகரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் போனால் வரும் ஒரு பழைய தெருவில் இருந்தது. 'பழைய தெரு' என்றே அங்கே அப்படிப்பட்ட தெருக்களைச் சொல்கிறார்கள். கொள்ளுத்தாத்தா காலத்துச் செங்கல் கட்டடங்கள், முன்பக்கம் வளைவு வளைவாக இருக்க, அதன் கீழே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். அவ்வளவு சனத்தை நான் நல்லூர்த் தேர்த் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் நிலக்கடலைப் பாகுக் கட்டியைச் சீவி, ஐஸ்கிரீமோடும் கொத்தமல்லி இலையோடும் சுருட்டிக் கொடுத்தார்கள். ஐஸ்கிரீமில் கொத்தமல்லியா என்று கேலி செய்துவிட்டு இரண்டு வாங்கித் தின்றேன். புளிக்க வைத்த தோஃபு என்கிற சோயாக் கட்டியை எண்ணெயில் போட்டதும் எழும்பிய நாற்றத்துக்கு என் கை தானாக மூக்குக்குப் போனது.

"அம்மா, மூக்கைப் பொத்தாதேங்கோ. எல்லாரும் பாக்கினம்" என்றாள் மகள்.

"எங்கட கருவாட்டைப் பொரிக்கேக்கை பக்கத்து வீட்டுக்காரரும் இப்பிடித்தான் பொத்தினவை" என்றேன். அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பையனின் தாய்க்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான மனிசி, மணிக்கட்டில் பை கட்டுகிற ரப்பர் வளையங்களும் காலில் தண்ணீர்ப் பூட்ஸுமாகக் கடை வாசலில் நின்று மீன் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அரைத்த மீனைக் கைப்பிடிக்குள் வைத்து அமுக்க, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஓர் உருண்டை பிதுங்கி வரும். அதைக் கரண்டியால் வழித்துத் தண்ணீரில் போடுவார். கண் சிமிட்டும் நேரத்தில் பத்து உருண்டை மிதக்கும். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தார். அவர் தன் பாஷையில் ஏதோ சொல்ல, நான் தமிழில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

மத்தியானக் கூட்டம் குறைந்த பிறகு, கடைக்குப் பின்னால் இருந்த வட்ட மேசையில் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாட்டுச் சட்டிகள் எல்லாம் நடுவில். ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணம், ஆளுக்கொரு சோடிக் குச்சி. அவரவர் குச்சியை வாயில் வைப்பதும், அதே குச்சியை நடுச் சட்டிக்குள் விடுவதுமாக இருந்தார்கள். எச்சில் விஷயத்தில் நான் சரியான மோசம். கறிக்கு உப்புப் பார்ப்பதென்றாலும் உள்ளங்கையில் விட்டுத்தான் பார்ப்பேன். தண்ணீர்ப் போத்தலில் வாய் வைக்க மாட்டேன். மெட்ரோ ஆடுகிற ஆட்டத்தில் அண்ணாந்து குடித்துச் சட்டையெல்லாம் நனைந்து, வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அப்படியும் விட்டதில்லை.

இஞ்சி போட்டு அவித்த முழு மீன் ஒன்று நடுவில் இருந்தது. பையனின் தாய் அதன் கன்னத்துச் சதையைப் பக்குவமாகப் பிரித்தெடுத்தார். ஒரு நிமிடத்துக்கு முன் அவர் வாயில் இருந்த அதே குச்சி. அது நேராக என் கிண்ணத்தை நோக்கி வந்தது. நான் யோசிக்கவே இல்லை. சட்டென்று கிண்ணத்தைக் கையால் பொத்தி, "நோ, நோ!" என்று பின்னால் சாய்ந்தேன். மீன் துண்டு என் புறங்கையில் விழுந்து, மேசையில் உருண்டு, கீழே போனது.

அந்த மனிசி மெதுவாகக் குச்சியைத் தன் கிண்ணத்தின் மேல் வைத்தார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. பிறகு குனிந்து, நிலத்தில் கிடந்த துண்டைக் கடதாசியால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மகள் முதலில் பிரெஞ்சில் வெடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். பிறகு அழுகை வந்தது, அழுகையோடு தமிழும் வந்தது.

"காலமை நாலு மணிக்கு எழும்பித் துறைமுகத்துக்குப் போய் உங்களுக்கெண்டு அந்த மீனை வாங்கி வந்தவ. இஞ்ச வாற ஆக்களில மரியாதையான ஆளுக்குத்தான் அந்தத் துண்டைக் குடுப்பினம்."

"பிள்ளை, நான் வேணுமெண்டு செய்யேல்லை. கை தானாப் போயிட்டுது."

"நீங்கள் போயிடுவியள் அம்மா. நான்தான் இஞ்ச இருக்கப்போறன். அவ ஒண்டும் சொல்ல மாட்டா. ஆனா மனசுக்குள்ள வைச்சிருப்பா."

மாமியார் எப்படிப்பட்டவர் என்று சோதிக்க வந்தவள் நான். வந்த முதல் நாளே பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். முகம் கொடுத்துப் பேசுவாரோ மாட்டாரோ என்று நடுங்கிக்கொண்டுதான் போனேன். அவர் முன்பு போலவே ஓடிவந்து கையைப் பிடித்தார். மேசையில் என் இடத்தைக் காட்டினார். அங்கே எனக்கென்று ஐந்தாறு சின்னக் கிண்ணங்கள் இருந்தன. ஒவ்வொரு கறியிலும், மற்றவர்களின் குச்சி படுவதற்கு முன்பே கொஞ்சம் எடுத்து மூடி வைத்திருந்தார். கடதாசி பிரிக்காத புதுக் குச்சி ஒரு சோடி, பக்கத்தில் கரண்டி. மகளிடம் எச்சிலைப் பற்றிக் கேட்டு அறிந்து அப்படிச் செய்ததாகப் பையன் சொன்னான். தாய் பக்கத்தில் நின்று, சரிதானே என்பது போல என் முகத்தையே பார்த்தார்.

நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் நடுச் சட்டிகளிலிருந்து எட்டி எட்டி எடுத்து, ஒருவருக்கொருவர் வைத்துவிட்டு, சத்தம் போட்டுச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் என் கிண்ணங்களோடு இருந்தேன். ஒருவரும் என் பக்கம் எதையும் நீட்டவில்லை. எனக்காகத்தான் நீட்டவில்லை. அப்போது சம்பந்தமில்லாமல் ஒரு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கத்தில் ஒரு தகரப் பேணி கவிழ்த்தபடி இருக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர். பள்ளிக்கூடம் போகிற வயதில் நானே அதில் மேலிருந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், என் கை படாமல். அது பிழை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இந்த மனிசி மரியாதைக்காகத் தனியாக வைத்தார், நாங்கள் வைத்தது அதற்காக இல்லை. ஆனாலும் எல்லோரும் கூடியிருந்து சாப்பிடும்போது தனக்கு மட்டும் வேறாக இருந்தால் சோறு தொண்டையில் எப்படி நிற்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெட்கத்தில் நிமிரவே முடியவில்லை.

அந்த நேரத்தில் மகளுக்கு வேலையிலிருந்து அழைப்பு வந்தது. அவள் எழுந்து வெளியே போனாள். சாப்பாட்டை மிச்சம் வைப்பது அவளுடைய சின்ன வயதுப் பழக்கம். கிண்ணத்தில் அரைவாசிச் சோறு, அதன் மேல் அவள் கடித்துவிட்டு வைத்த பாதி மீன் உருண்டை. பல் பதிந்த அடையாளம் எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

பையனின் தாய் தன் கணவரோடு ஏதோ வியாபாரக் கதை கதைத்துக்கொண்டிருந்தார். கதையை நிறுத்தாமலே மகளின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். அந்தப் பாதி உருண்டையை எடுத்து வாயில் போட்டார். மிச்சச் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை அடுக்கி வைத்தார். மேசையில் இருந்த ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவரே கவனித்திருக்க மாட்டார். தினமும் நடக்கிற விஷயம் போலத்தான் இருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக அந்தப் பிள்ளையின் மிச்சத்தை நான் ஒருத்திதான் சாப்பிட்டிருக்கிறேன். பெற்ற தகப்பனே தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். எச்சில் எச்சில் என்று உலகத்தையே ஒதுக்கி வைக்கிற நான், அவள் கடித்த அப்பிளையும் உறிஞ்சிய மாங்கொட்டையையும் ஒரு நாளும் அருவருத்ததில்லை. ஏனென்றால் அவள் என் பிள்ளை. இந்த மனிசிக்கும் அவள் அப்படித்தான் ஆகிவிட்டாள், எனக்குச் சொல்லாமலே, என் அனுமதிக்குக் காத்திராமலே.

நான் புதுக் குச்சியை எடுத்தேன். எனக்காக வைத்த கிண்ணத்திலிருந்து ஒரு மீன் உருண்டையைத் தூக்கப் பார்த்தேன். அது வழுக்கி வழுக்கி ஓடியது. சீ என்று குச்சியை வைத்துவிட்டு, கையாலேயே எடுத்து அவருடைய கிண்ணத்தில் வைத்தேன். மேசையே திரும்பிப் பார்த்தது. அவர் உருண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதைச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, தன் குச்சியால் நடுச் சட்டியிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து என் பக்கம் கொண்டுவந்தார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. அன்றைய ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினேன்.

இஞ்சி மணத்தோடு அந்தத் துண்டு நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்த மகள் என் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்?" என்று பதறினாள். ஒன்றுமில்லை, இருந்து சாப்பிடு என்றேன்.

அன்று மாலை கணவரை அழைத்தேன். "இஞ்சேருங்கோ, நான் பிள்ளையை விட்டிட்டு வாறன்" என்றேன். "அவை நல்ல ஆக்களோ?" என்று அவர் கேட்டார். "நான்தான் அவ்வளவு நல்ல ஆளில்லை, அவை நல்ல ஆக்கள்" என்றேன்.

கலியாணம் நல்லபடியாக முடிந்தது. எச்சில் பார்க்கிற என் பழக்கம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது ஆசையோடு எதையாவது நீட்டினால் என் கை பின்னால் போவதில்லை. என் பிள்ளை மிச்சம் வைத்ததை எடுத்துச் சாப்பிட உலகத்தின் மறுகோடியில் இன்னொரு தாய் இருக்கிறார் என்ற நினைப்பில்தான், அவள் இல்லாத இந்த வீட்டில் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது.