திருவுளச்சீட்டு

என் தங்கையை ரங்கூனுக்கு அனுப்பியது நான்தான். ஊரில் யாருக்கும் இது தெரியாது. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளார்க்கு. அம்மா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆறு வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "சின்னவளத் தருவியளா?" என்று கேட்டார்கள். மூன்று தடவை அப்படி நடந்தது. தங்கை என்ன செய்வாள், பாவம். வாசலில் வண்டி வந்து நின்றாலே பின்கட்டுக்கு ஓடிவிடுவாள்.

யுத்தம் தொடங்கிய மறுவருஷம், சாத்தான்குளத்திலிருந்து அவளுக்கே ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரங்கூனில் மரக் கம்பெனியில் வேலை. குணமான பையன். ஆனால் கடல் தாண்டிய ஊர். அப்பாவுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அவளுக்கும்தான்.

"அங்கன எனக்கு யாரு இருக்காக்கா? பயமா இருக்கு. ஆண்டவர் போகச் சொன்னாருன்னா போயிருவேன்" என்றாள் என்னிடம்.

அப்பா திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் அது புதிதல்ல. மனுஷன் யோசித்துக் குழம்புவதைவிட, கர்த்தருடைய சித்தத்தைக் கேட்டுவிட்டு அதற்கு அடங்குவது நல்லது என்பார்.

"ஏளா, ஒன் எழுத்துதான் நல்லாருக்கும். ஒண்ணுல 'போ'ன்னு எழுது, ஒண்ணுல 'வேண்டாம்'னு எழுது."

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த மத்தியானம். உள்ளறையில் உட்கார்ந்து முதல் சீட்டில் 'போ' என்று எழுதினேன். இரண்டாவது சீட்டை எடுத்தபோது, இவள் இந்த வீட்டில் இல்லாவிட்டால் என்னையும் ஒருவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று தோன்றியது. அவளுக்கும் நல்ல வாழ்வுதானே என்றும் சொல்லிக்கொண்டேன். அதிலும் 'போ' என்றே எழுதினேன்.

இரண்டையும் மடித்து ஒரு செம்பில் போட்டு வைத்தேன். அப்பா முழங்கால்போட்டு ஜெபித்தார். தங்கை செம்புக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"போன்னு வந்திருக்குப்பா" என்றாள். பயம் தெளிந்து சிரித்தாள். மற்றதை நான் அடுப்பில் போட்டேன்.

ரங்கூனிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒன்றில், "சில நாள் அழுகையாக வருகிறது அக்கா. ஆண்டவர் சித்தம் என்று நினைத்ததும் மனசு அடங்கிவிடுகிறது" என்று எழுதியிருந்தாள். அப்பா அந்த வரியைச் சபையில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு கடிதம் நின்றது. ஐந்தாறு மாதம் கழித்து அவள் புருஷன் மட்டும் வந்து சேர்ந்தான். உடம்பில் எலும்புதான் மிச்சம், காலெல்லாம் புண். அகதிக் கூட்டத்தோடு காட்டு வழியே நடந்து வந்திருக்கிறார்கள். வழியில் அவளுக்குக் காலரா கண்டுவிட்டது.

"குழி தோண்டக்கூட கையில ஒண்ணுமில்ல மைனி. எலையப் போட்டு மூடிட்டு வந்துட்டேன்" என்றான். "ஒன்ன இங்க கூட்டிட்டு வந்து கொன்னுட்டேனேன்னு அழுதேன். ஆண்டவர் சொல்லித்தான் வந்தேன், நீங்க அழாதீங்கன்னு அவதான் எனக்குத் தேறுதல் சொன்னா."

அப்பா உடைந்துபோகவில்லை. "அவரு சொல்லித்தானே அனுப்புனோம்" என்ற ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினார். சித்தத்தைத் தெளிவாகக் காட்டினீரே என்று தினமும் ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்வார். நான் ஆமென் சொல்வேன். ஒரு வருஷம் அப்படிச் சொன்னேன். ஒருநாள் வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா முழங்காலில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"அப்போ அவருட்ட நாம கேக்கவே இல்லையா?"

"என்னை அடிங்கப்பா" என்றேன். அடிக்கவில்லை. நான்கு நாள் பேசவும் இல்லை. ஐந்தாம் நாள், ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "ஒன் கையையும் அவருதான் நடத்துனாருன்னு நெனச்சுப் பாக்கேன். அப்படின்னா என் பிள்ளையக் கொன்னது அவரு. அவரு நடத்தலன்னா, நீ. இதுல எதச் சொல்லி நான் ஜெபம்பண்ண?"

அதோடு வீட்டில் ஜெபம் நின்றது. கோயிலுக்கு மட்டும் வருவார். பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு மாப்பிள்ளை யாரும் வரவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் அவர் படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் ஒரு காலை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஒழுங்கா எழுதியிருந்தா அவ எந்தச் சீட்ட எடுத்திருப்பா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"போன்னேதான் வந்திருக்கும், இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து பள்ளிக்கூடம் திரும்பியதும், வேதபாட வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.